முட்டிவலி: பாக்கெட் மாத்திரையை விட்டால் வேறு வழி உண்டா?

தோசைக்கடை மகள் (யாங்கூன்):

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவைப் பற்றிக் கேட்க வந்தேன். அறுபது வயதைத் தாண்டிவிட்டார். விடியுமுன் மாவுப் பானையோடு கிளம்பி, நடைபாதையில் கரி அடுப்பைப் பற்றவைத்து, காலை வியாபாரம் முடியும்வரை நம்ம பர்மா டீக்கடைகளில் போடுகிற அந்தச் சாண் உயர பிளாஸ்டிக் முக்காலியில்தான் உட்கார்ந்திருப்பார். வலது முட்டி ரொம்ப நாளாகவே தொந்தரவு, இப்போது இடுப்பும் சேர்ந்துகொண்டது. எழும்போது எதையாவது பிடித்துக்கொண்டுதான் எழ முடிகிறது. நாலு அடி வைத்தபிறகு கொஞ்சம் சரியாகும், மறுபடி உட்கார்ந்தால் அதே கதை.

இதற்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம், தெருமுனைக் கடையில் சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு விற்கிற கலப்பு மாத்திரை. உங்களுக்கெல்லாம் தெரிந்திருக்கும், வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, ரோஸ் ஒன்று, பெயரும் கிடையாது தேதியும் கிடையாது. காலையில் ஒரு உறை போட்டால் அன்றைக்குப் பறக்கிறார், அதனால்தான் விடமாட்டேன் என்கிறார். ஆனால் முகம் உப்பி உருண்டையாகிவிட்டது, வயிறு எரிகிறது என்கிறார், சர்க்கரையும் ஏறியிருக்கிறது. பார்த்த டாக்டர் அந்த மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும், பிசியோதெரபிக்குப் போங்கள் என்று எழுதிக்கொடுத்தார். அம்மா கேட்பது இதுதான்: "மருந்தே இல்லாமல் காலைப் பிடித்துவிட்டால் வலி போகுமா? அதற்குக் காசு வேறயா?" எனக்கும் பதில் தெரியவில்லை. உண்மையில் அங்கே என்ன செய்வார்கள்? யாருக்காவது பலன் கிடைத்ததா? ஹீட்டிங் பேட் ஒன்று வாங்கி வைத்தேன். கரண்ட் வருகிற நேரம் அம்மா கடையில், அம்மா வீட்டுக்கு வருகிற நேரம் கரண்ட் இல்லை.

மோல்மேன் அக்கா:

தங்கச்சி, அந்த உறையை இன்றைக்கே தூக்கிச் சாக்கடையில் போடு. எங்கள் தெருவில் ஒருத்தர் வருஷக்கணக்காக அதைத் தின்று, கடைசியில் ரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஹீட்டிங் பேட் எதற்கு? கல்லுப்பை வாணலியில் வறுத்து, பழைய பருத்தித் துணியில் முடிந்து, முட்டியைச் சுற்றி ஒத்தடம் கொடு. எருக்கிலை கிடைத்தால் விளக்கெண்ணெய் தடவி வாட்டி வைத்துக் கட்டு. அடுப்புத்தான் உங்கள் வீட்டில் எப்போதும் எரிகிறதே. எங்கள் ஆயா எண்பது வயதுவரை இதில்தான் ஓட்டினார், ஒரு மாத்திரை தெரியாது அவருக்கு.

பிசியோ தங்கச்சி:

அக்கா, ஒத்தடம் சரி. ஆனால் உறையை இன்றைக்கே தூக்கிப் போடுவது மட்டும் வேண்டாம், தயவுசெய்து.

நான் யாங்கூனில் மருத்துவத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபி படித்தவள், அதே வேலையில்தான் இருக்கிறேன். இந்த மாதிரி உறைகளில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் போல ஒரு வலி மாத்திரையும், கூடவே டெக்ஸாமெதசோன் அல்லது பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டும் இருக்கும். முகம் உருண்டையாவது, சர்க்கரை ஏறுவது, "போட்டால் பறப்பது" எல்லாம் ஸ்டீராய்டின் கைவரிசையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சிறுநீரகத்துக்கு மேலே ஒரு சுரப்பி இருக்கிறது, உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டை அதுதான் தினமும் சுரக்கிறது. வெளியிலிருந்து மாதக்கணக்கில் வந்துகொண்டே இருந்தால் அது தன் வேலையை நிறுத்திவிடும். திடீரென்று மாத்திரையையும் நிறுத்தினால் இரண்டு பக்கமும் இல்லை. தலைசுற்றல், வாந்தி, ரத்த அழுத்தம் விழுந்து மயக்கம், உயிருக்கே ஆபத்தாகக்கூட முடியலாம். அதனால்தான் டாக்டர் "குறைத்துக்கொண்டே" என்று சொல்லியிருக்கிறார். அடுத்த முறை போகும்போது அந்த உறையையே கையில் எடுத்துக்கொண்டு போங்கள், எவ்வளவு நாளாகச் சாப்பிடுகிறார் என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். வயிற்று எரிச்சலையும் சொல்லுங்கள். மலம் கருப்பாகத் தார் போலப் போனால் காத்திருக்கவே வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

இனி முட்டி. இந்த வயதில், இந்தத் தொழிலில், உட்கார்ந்து எழும்போது பிடிப்பு, நடந்தால் கொஞ்சம் இளகுவது என்றால் பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம்தான், ஆனால் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். தேய்ந்ததைத் திரும்ப வளர்க்க எங்களால் முடியாது. தொடையின் முன்பக்கத் தசையைப் பலப்படுத்த முடியும். முட்டி வலிக்கிறது என்று அந்தக் காலுக்கு வேலை கொடுக்காமல் விட்டால் தொடைத் தசை இளைக்கும், அது இளைத்தால் மூட்டின்மேல் பாரம் கூடும், வலி இன்னும் கூடும். இந்தச் சுற்றை எங்காவது வெட்ட வேண்டும், அவ்வளவுதான் எங்கள் வேலை.

அம்மாவைக் கட்டிலில் காலை நீட்டி உட்காரச் சொல்லுங்கள். ஒரு பழைய லுங்கியைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வையுங்கள். அந்தச் சுருட்டலை முட்டியின் பின்பக்கத்தால் கீழே அமுக்க வேண்டும். தொடைமேல் உங்கள் கையை வைத்துப் பாருங்கள், தசை கல் மாதிரி இறுகினால் சரியாகச் செய்கிறார் என்று அர்த்தம். ஐந்து எண்ணி விட வேண்டும். ஆரம்பத்தில் பத்துத் தடவை, காலையும் மாலையும். அது சுலபமானபிறகு நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. உயரமான நாற்காலியில் தொடங்குங்கள். செய்யும்போது கொஞ்சம் வலிப்பது பரவாயில்லை, அந்த வலி மறுநாளும் அதே அளவில் நின்றால் அளவைக் குறையுங்கள். ஒரு வாரத்தில் ஒன்றும் தெரியாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தசை பலம் ஏற ஆறு, எட்டு வாரம் ஆகும். இதுதான் மாத்திரைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், இதனால்தான் பாதிப் பேர் நடுவில் விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் அந்த முக்காலி. உண்மையில் முதல் சிகிச்சை அங்கேதான். முட்டியை அந்த அளவுக்கு மடக்கி மணிக்கணக்கில் உட்கார்ந்தால் முட்டிச் சில்லின் மேல் விழுகிற அழுத்தம் சாதாரணமாக உட்காருவதைவிட அதிகம். அடுப்பை மேசைமேல் ஏற்ற முடியுமா என்று பாருங்கள்.

தட்டோன் வயல்காரன்:

உடற்பயிற்சி என்றதும் சிரிப்பு வந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் பக்கம் ஆணும் பெண்ணும் விடியலில் வயலில் இறங்கினால் பொழுது சாயும்வரை குனிந்த முதுகு நிமிராமல் நாற்று நடுகிறோம். மூட்டை தூக்குகிறோம், வரப்பு வெட்டுகிறோம். உடம்பு அசைவதுதான் மருந்து என்றால் எங்களுக்குத்தான் உலகத்திலேயே வலி இருக்கக் கூடாது. ஆனால் இங்கே நாற்பது வயதுக்கு மேல் இடுப்புவலி இல்லாத ஆளை எனக்குக் காட்டுங்கள். வேலை செய்து தேய்ந்த உடம்புக்கு மேலும் வேலை கொடு என்பது ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கான வைத்தியம். எங்களுக்கு வேண்டியது ஓய்வு. அது கிடைக்காததால்தான் மாத்திரை.

பிசியோ தங்கச்சி:

அண்ணா, சிரியுங்கள், ஆனால் கேள்வி நல்ல கேள்வி. என்னிடம் வருகிற பாதிப் பேர் இதைத்தான் மனசுக்குள் வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் போய்விடுகிறார்கள்.

வேலை வேறு, பயிற்சி வேறு. நாற்று நடும்போது முதுகு ஒரே வளைவில் மணிக்கணக்கில் நிற்கிறது. அங்கே உழைப்பது சில தசைகள்தான், அவையும் களைத்துப்போன பிறகும் நிறுத்த முடியாமல் உழைக்கின்றன. வயிற்றுத் தசை, பிட்டத் தசை இரண்டும் கிட்டத்தட்ட சும்மா இருக்கின்றன. பாரம் எவ்வளவு, எத்தனை முறை, எப்போது நிறுத்துவது என்பதை நீங்கள் முடிவு செய்யவில்லை, வேலைதான் முடிவு செய்கிறது. பயிற்சியில் அது உங்கள் கையில். சும்மா கிடக்கிற தசையைத் தேடிப்பிடித்து, உடம்பு தாங்குகிற அளவில் தொடங்கி, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் ஏற்றி, நடுவில் ஓய்வும் கொடுப்பது. ஓய்வு வேண்டும் என்பதில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் இடுப்புவலி வந்ததும் பாயில் படுத்து வாரக்கணக்கில் கிடப்பது ஓய்வு இல்லை, அது வலியை இழுத்தடிக்கும். ஓரிரு நாள் போதும், அப்புறம் முடிந்த அளவு நடமாட வேண்டும். திடீரென்று பிடித்த இடுப்புவலி பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே தணியும்.

வயலிலேயே செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். ஒரு வரிசை முடிந்ததும் நிமிர்ந்து, இரண்டு கையையும் இடுப்பின் பின்னால் வைத்து, மெதுவாகப் பின்னோக்கி வளையுங்கள், ஐந்தாறு தடவை. அரை நிமிஷம்கூட ஆகாது. மூட்டையைத் தூக்கும்போது உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள், தூக்கியபடி இடுப்பைத் திருப்பாதீர்கள், காலை எடுத்துவைத்துத் திரும்புங்கள்.

தட்டோன் வயல்காரன்:

வரிசை முடிந்ததும் நிமிர்ந்தால் மேஸ்திரி கத்துவார். இருந்தாலும் சொல்லிப் பார்க்கிறேன். பின்னோக்கி வளைவதை எங்கள் பெண்கள் யாரும் சொல்லாமலே செய்வதைப் பார்த்திருக்கிறேன், இப்போதுதான் ஏன் என்று புரிகிறது.

பழைய ரங்கூன்:

நம்ம ஊரில் வலி வைத்தியம் பேசிவிட்டு டைகர் பாமைச் சொல்லாமல் விட்டால் எப்படி? உலகம் பூராவும் சிங்கப்பூர் சரக்கு என்று நினைக்கிறார்கள். பிறந்தது நம்ம ரங்கூனில், அதாவது இப்போதைய யாங்கூனில். ஆவ் சூ கின் என்ற சீன வைத்தியர் 1870-களில் இங்கே எங் ஆன் தோங் என்று மருந்துக்கடை வைத்தார். அவர் மகன்கள் பூன் ஹாவ், பூன் பார் இருவரும் அந்தத் தைலத்தைப் பெரிதாக்கி, 1920-களில் தொழிலைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோனார்கள். கற்பூரமும் மெந்தாலும் உள்ளே போய் வலியைத் தீர்க்கிறதோ இல்லையோ, தேய்த்த இடத்தில் குளிர்ச்சியும் சூடும் கிளம்பினால் ஒரு மணி நேரம் மனுஷன் நிம்மதியாக இருக்கிறான்.

எனக்கு உண்மையான வைத்தியம் என்றால் பார்வையில்லாதவர்கள் நடத்துகிற மசாஜ் கடைதான். விரலாலேயே முடிச்சு எங்கே என்று கண்டுபிடிக்கிறார்கள், கேட்கவே மாட்டார்கள். அப்புறம் முடிவெட்டுகிற கடையில் கடைசியில் கழுத்தை இரண்டு பக்கமும் சொடுக்கி விடுவார்களே, அந்தச் சுகத்துக்கு ஈடு உண்டா? இதையெல்லாம் விட்டுவிட்டு லுங்கியைச் சுருட்டி முட்டிக்கடியில் வை என்றால் எப்படியம்மா?

பிசியோ தங்கச்சி:

ஐயா, தைலமும் மசாஜும் எனக்குப் பகை இல்லை. 2017-ல் அமெரிக்க உள்மருத்துவர்கள் அமைப்பு இடுப்புவலிக்கு வழிகாட்டி வெளியிட்டபோது, புதிதாக வந்த வலிக்கு மாத்திரைக்கு முன்னால் சொன்ன பட்டியலிலேயே சூட்டு ஒத்தடமும் மசாஜும் இருந்தன. தேய்த்தால் ஏன் இதமாக இருக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. அடிபட்ட இடத்தைக் குழந்தைகூடத் தானாகவே தடவுகிறது. 1965-ல் மெல்சாக், வால் என்ற இருவர் இதை ஒரு கொள்கையாகவே எழுதினார்கள்: தண்டுவடத்தில் ஒரு கதவு இருக்கிற மாதிரி, தொடுதல், அழுத்தம் பற்றிய செய்திகள் முந்திக்கொண்டு போனால் வலிச் செய்தி உள்ளே நுழைய இடம் குறைகிறது. விவரங்களில் பிறகு மாற்றம் வந்தது, அடிப்படை நின்றுவிட்டது. ஆனால் அந்த இதம் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தைப் பயன்படுத்தி நடக்கவும் பயிற்சி செய்யவும் வேண்டும் என்பதுதான் என் வாதம். மசாஜ் முடிந்ததும் போய்ப் படுத்துவிட்டால் மறுவாரமும் அதே கடை, அதே காசு.

கழுத்துச் சொடுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம் ஐயா, உங்கள் வயதில் சத்தியமாக வேண்டாம். கழுத்தெலும்புக்குள் மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் இரண்டு பக்கமும் ஏறுகிறது. வெடுக்கென்று திருப்பும்போது அதன் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள். அபூர்வம்தான், ஆனால் ஒரு சுகத்துக்காக எடுக்கிற ஆபத்து அல்ல அது.

இன்னொன்று. நம்ம நாட்டில் காசநோய் அதிகம், அது முதுகெலும்புக்கும் வரும். முதுகுவலியோடு மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவது, படுத்தாலும் குறையாத வலி என்றால் யாரும் மிதிக்கவோ அமுக்கவோ கூடாது, முதலில் படம் எடுக்க வேண்டும். உட்காருகிற இடத்தில் மரத்துப்போவது, சிறுநீர் நிற்காமல் போவது அல்லது வராமல் அடைப்பது, கால் பாதம் தொங்கிப்போவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பழைய ரங்கூன்:

சரி தாயே. முடி மட்டும் வெட்டிக்கொண்டு வருகிறேன்.

பயின்னாவுங் கணக்குப்பிள்ளை:

நானும் சொல்கிறேன். பயின்னாவுங் சந்தையில் பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். நாள் பூராவும் உட்கார்ந்த வேலை. இடுப்பில் சுளீர் என்று பிடித்து வலது காலில் கெண்டைக்கால்வரை இறங்கியது. ஒரு தனியார் கிளினிக்கில் பிசியோ என்று சேர்த்தார்கள். போனால் ஒரு பெண் வந்து இடுப்பில் நாலு ரப்பர் பட்டையை ஒட்டி கரண்ட் வைத்துவிட்டுப் போய்விடுவார். அப்புறம் ஒரு களிம்பைத் தடவி உருளையைத் தேய்ப்பது, அப்புறம் பெல்ட்டைக் கட்டி இழுப்பது. ஒரு வார்த்தை யாரும் பேசவில்லை. படுத்திருக்கும்போது சுகமாக இருக்கும், படி இறங்குவதற்குள் வலி திரும்பி வந்துவிடும். கடைசியில் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லி, முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் விலகியிருக்கிறது, தேய்ந்திருக்கிறது, இனி குனியவே கூடாது, வாழ்நாள் முழுக்க இடுப்பு பெல்ட் போடுங்கள் என்றார்கள். அந்தக் காகிதத்தைப் படித்த நாளிலிருந்து குனிந்து செருப்பை எடுக்கக்கூட பயம். மண்டியில் ஒரு பருப்புப் பை கீழே விழுந்தால் பையனைக் கூப்பிடுகிறேன். இது பிசியோதெரபி என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை.

பிசியோ தங்கச்சி:

அண்ணா, உங்களுக்குக் கிடைத்தது பிசியோதெரபியில் ஓரத்தில் இருக்க வேண்டியது மட்டும். கரண்ட் வைப்பது, ஒலியலை உருளை, இழுவை, இடுப்பு பெல்ட் இந்த நாலையுமே நாள்பட்ட இடுப்புவலிக்கு வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றுதான் உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியில் இருக்கிறது. அதே வழிகாட்டி செய்யச் சொல்வது வலியைப் பற்றிப் புரியவைக்கும் கல்வி, உடற்பயிற்சி, மசாஜ் மாதிரி சில கை சிகிச்சைகள், பயத்தையும் கவலையையும் கையாளும் உளவியல் உதவி. மிஷின் வைத்திருக்கிற இடத்தில் மிஷின் ஓடினால்தான் பில் போட முடியும், வேறென்ன சொல்ல.

எம்.ஆர்.ஐ. விஷயம். வலியே இல்லாதவர்களைப் படமெடுத்த பல ஆய்வுகளைத் திரட்டி 2015-ல் ஒரு கட்டுரை வந்தது. இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது, எண்பது வயதில் 96 சதவீதம். டிஸ்க் பிதுக்கம் இருபது வயதில் 30 சதவீதம், எண்பதில் 84 சதவீதம். இவர்கள் யாருக்கும் வலி இல்லை, நினைவில் வையுங்கள். முடி நரைப்பதை யாரும் ரிப்போர்ட்டில் எழுதிப் பயமுறுத்துவதில்லை, இதை எழுதுகிறார்கள். உங்களுக்குக் காலில் இறங்கிய வலி நரம்பு அழுத்தமாக இருக்கலாம், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பிதுங்கிய டிஸ்க் பல பேருக்கு மாதக்கணக்கில் தானாகவே சுருங்கிவிடுகிறது.

குனியவே கூடாது என்பதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. இப்போது கால் மரத்துப்போவது, பலம் குறைவது எதுவும் இல்லை என்றால் நாற்காலியில் உட்கார்ந்தபடி கையைத் தொடைமேல் வழுக்கவிட்டு முட்டிவரை குனியுங்கள். பிறகு கெண்டைக்கால்வரை, பிறகு தரைவரை, நாட்கள் எடுத்துக்கொண்டு. செருப்பை நீங்களே எடுங்கள். தினம் நடங்கள். பெல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றுங்கள், பெல்ட் தாங்குகிற வேலையை உங்கள் வயிற்றுத் தசைதான் செய்ய வேண்டும். கணக்கு நோட்டை அரை மணிக்கு ஒருமுறை மூடிவிட்டு எழுந்து மண்டியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். 2020-ல் உலகத்தில் 61.9 கோடிப் பேருக்கு இடுப்புவலி என்று கணக்கு, நீங்கள் மட்டும் உடைந்துபோகவில்லை.

நல்ல பிசியோவை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால், முதல் நாளே உங்களைப் பேசவிட்டு, நடக்கவிட்டு, குனியவிட்டுப் பார்ப்பார். போகும்போது வீட்டில் செய்ய இரண்டோ மூன்றோ பயிற்சி சொல்லிக்கொடுத்து, அடுத்த முறை செய்து காட்டச் சொல்வார். அப்படிப்பட்டவரிடம் அடிக்கடி போக வேண்டிய தேவையே இருக்காது, செலவும் குறையும்.

பெகு மருமகள்:

எனக்கு ஒற்றைத் தலைவலி, அதனால் வேறு ஒரு பக்கத்திலிருந்து பேசுகிறேன். நம்ம மாண்டலேயில் 1924-ல் பிறந்து பிற்பாடு தியான குருவான கோயங்கா ஐயாவின் கதை தெரிந்திருக்கும். பெரிய வியாபாரி, தாங்க முடியாத ஒற்றைத் தலைவலி, மார்ஃபின் ஊசிதான் கதி. அதிலேயே அடிமையாகிவிடுவோமோ என்ற பயத்தில் வெளிநாட்டு டாக்டர்களையெல்லாம் பார்த்துவிட்டு வந்தார். கடைசியில் 1955-ல் யாங்கூனில் சயாஜி ஊ பா கின் நடத்திய விபஸ்ஸனா தியான வகுப்பில் உட்கார்ந்தார். ஊ பா கின்னும் சாமியார் இல்லை, பர்மா அரசாங்கத்தின் தலைமைக் கணக்கு அதிகாரியாக இருந்தவர். தலைவலியைப் போக்கிக்கொள்ள மட்டும் வருவதானால் வராதே என்று அவர் முதலில் திருப்பிச் சொன்னதாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். நானும் பத்து நாள் வகுப்பில் உட்கார்ந்தேன். தலைவலி ஓடிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், வருகிறது. ஆனால் முன்பெல்லாம் வரப்போகிறதே என்ற பதற்றத்திலேயே பாதி உயிர் போகும். அது குறைந்திருக்கிறது, மாத்திரையும் குறைந்திருக்கிறது.

தட்டோன் வயல்காரன்:

அப்படியானால் வலி மனசில்தான் இருக்கிறது என்கிறீர்களா? எங்கள் ஊர் கிளினிக்கில் ஒருவர் என் அம்மாவிடம் அப்படித்தான் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்து அழுதுவிட்டார்.

பிசியோ தங்கச்சி:

இல்லை அண்ணா. அப்படிச் சொல்லி அனுப்புவது கொடுமை. வலி நிஜம். ஆனால் எல்லா வலியையும் கடைசியில் உண்டாக்குவது மூளைதான், காலில் முள் குத்தினாலும் சரி. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த வலியில் நரம்பு மண்டலமே கூர்மையாகிவிடுகிறது, சின்ன அசைவுக்கும் பெரிதாகக் கத்துகிறது. தூக்கமின்மை, பயம், கடன் கவலை எல்லாம் அந்தக் கூர்மையை ஏற்றுகின்றன. தியானம், மெதுவான மூச்சு, நல்ல தூக்கம் அதை இறக்குகின்றன. அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் என்பவர் 1979-ல் மருந்துகளால் பலன் கிடைக்காத நாள்பட்ட வலிக்காரர்களுக்காகத்தான் இப்படி ஒரு தியானப் பயிற்சியைத் தொடங்கினார், மேலே சொன்ன 2017 வழிகாட்டியிலும் அது இருக்கிறது. பெகு அக்கா சொன்னது நியாயமான பலன்: வலி போகவில்லை, வலியோடு இருக்கிற பாடு குறைந்தது. பத்து நாள் உட்கார முடியாதவர்கள் படுக்கும்முன் கொஞ்ச நேரம் மூச்சைக் கவனித்தாலே போதும், ஒரு செலவும் இல்லை.

மோல்மேன் அக்கா:

சர்க்கரை இருக்கிறவர்களுக்கு உப்பு ஒத்தடம் கொடுக்கலாமா? தோசைக்கடைத் தங்கச்சி அம்மாவுக்கு ஏறியிருக்கிறது என்றாளே.

பிசியோ தங்கச்சி:

முட்டியில் கொடுக்கலாம், பாதத்தில் கூடாது. சர்க்கரை நாள்பட்டால் பாதத்தில் சூடு தெரியாது, வெந்துபோய்ப் புண்ணான பிறகுதான் பார்ப்பார்கள். முடிச்சை முதலில் உங்கள் முன்கையில் வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு அம்மாவுக்கு வையுங்கள். முட்டி வீங்கி, தொட்டால் சூடாக இருக்கிற நாளில் சூடு வேண்டாம், ஈரத்துணியில் சுற்றிய ஐஸ் அல்லது குளிர்ந்த நீர்.

தோசைக்கடை மகள் (யாங்கூன்):

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உறையை டாக்டரிடம் காட்டினோம், ஸ்டீராய்டு இருக்கும் என்றுதான் அவரும் சொன்னார். வயிற்றுக்கு மருந்து கொடுத்து, கையில் ஒரு அட்டவணை எழுதிக்கொடுத்திருக்கிறார், கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருக்கிறோம். குறைத்த நாட்களில் உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது என்று திட்டுகிறார், என்னைத்தான்.

பயிற்சியைக் கட்டிலில் உட்கார்ந்து செய்யச் சொன்னால் "எனக்கு அதற்கு ஏது நேரம்" என்று ஒரே பேச்சு. அதனால் வேறு வழி செய்தேன். கடைக்கு உயரமான நாற்காலி கொண்டுபோனோம். கல்லில் மாவை ஊற்றித் தேய்த்து, எண்ணெய் விட்டு, ஓரம் சிவக்கும்வரை காத்திருக்கிற நேரத்தில் வலது காலை நேராக நீட்டி, பாதத்தைத் தன் பக்கம் மடக்கி, முட்டியை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். தோசையைத் திருப்பும்போது காலை இறக்க வேண்டும். அடுத்த தோசைக்கு இடது கால். வாடிக்கையாளர் ஒருவர் என்ன ஆயா டான்ஸ் ஆடுகிறீர்களா என்று கேட்டாராம். அதிலிருந்து ஒரே உற்சாகம், வருகிறவர்களுக்கெல்லாம் செய்து காட்டுகிறார். பிசியோ தங்கச்சி, இப்படிச் செய்வது சரிதானா? இன்னொரு கேள்வி: அடுப்பை மேசையில் ஏற்றிவிட்டோம், இப்போது தோளில் வலிக்கிறது என்கிறார். எடையும் குறைக்கச் சொன்னார் டாக்டர், அதை நான் சொன்னால் அடி விழும்.

பிசியோ தங்கச்சி:

அருமை அக்கா, அது எங்கள் பாடத்தில் உள்ள பயிற்சியேதான். பலம் ஏறியபின் கணுக்காலில் ஒரு சின்ன மணல் பை கட்டலாம். தோள் வலிக்கிறது என்றால் மேசை உயரம் அதிகம். கரண்டியைப் பிடிக்கும்போது முழங்கை உடம்போடு ஒட்டி, தோள் தூக்காமல் இருக்க வேண்டும். கல்லின் மட்டம் முழங்கைக்கு ஒரு சாண் கீழே வந்தால் சரியாக இருக்கும். மேசையை அறுக்க முடியாவிட்டால் நாற்காலியை உயர்த்தி, காலடியில் ஒரு பலகை போடுங்கள்.

எடையைப் பற்றி இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு நாலு கிலோ பாரம் குறையும். வியாபாரிக்குக் கணக்கு புரியும். நடக்கும்போது கைத்தடி வைத்துக்கொண்டால் இடது கையில் பிடிக்கச் சொல்லுங்கள், வலிக்கிற முட்டிக்கு எதிர்ப்பக்கம். எல்லோரும் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள்.

பயின்னாவுங் கணக்குப்பிள்ளை:

செருப்பை நானே எடுக்கிறேன். பெல்ட்டை இன்னும் முழுக்க விடவில்லை, மூட்டை ஏறி இறங்குகிற நாளில் மட்டும் போடுகிறேன். தங்கச்சி, எங்கள் பக்கம் நீங்கள் சொன்ன மாதிரி பேசிப் பார்க்கிற பிசியோ யாராவது இருந்தால் தனிச் செய்தியில் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் வசதி.